மழைக்காலத்தில் பசலை விற்றவள்

என் கடைக்கும் ஹஃபீசாவின் கடைக்கும் நடுவில் இருப்பது ஒரு சாக்குப் படுதா மட்டும்தான். தாம்பரம் மார்க்கெட்டில் நான் வெங்காயமும் உருளைக்கிழங்கும் விற்கிறேன். அவள் கீரை விற்கிறாள். படுதா வெயிலைத் தடுக்கும், அவள் குரலைத் தடுக்காது. என்னிடம் யாராவது வெங்காயம் எப்படி என்று கேட்டால் படுதாவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து பதில் வரும். "நேத்து நல்லா இருந்திச்சிம்மா, இன்னிக்கு சுமாரா கீது" என்பாள். இப்படியொரு பக்கத்துக் கடை எதிரிக்கும் வேண்டாம் கர்த்தாவே என்று நான் ஜெபம் பண்ணியதுண்டு. ஆனாலும் அவளைப் பற்றி எழுத உட்கார்ந்தால் பேனா நிற்க மாட்டேன் என்கிறது. காரணம், 2008-ஆம் வருடத்து மழைக்காலம்.

ஹஃபீசா பல்லாவரத்துப் பெண். கல்யாணமாகித் தாம்பரத்துக்கு வந்தவள். வீட்டுக்காரர் அமீருதீன் ஆட்டோவுக்கும் பைக்குக்கும் சீட் கவர் தைப்பவர். அதிர்ந்து பேசாத மனிதர். வீட்டில் பேச வேண்டியதை எல்லாம் மனைவியே பேசிவிடுவதால் அவருக்கு அந்த வேலை மிச்சம். விடிவதற்குள் முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு கடையில் வந்து உட்காருவாள் ஹஃபீசா. எந்த நாளில் எந்த வீட்டுக்கு என்ன கீரை போகும் என்பதெல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஏகாதசிக்கு மறுநாள் ஐயர் வீடுகளுக்கு அகத்தி. ரம்ஜான் மாதம் நோன்புக் கஞ்சிக்குப் புதினா, மல்லி. லெந்து நாட்களில் கறி எடுக்காத எங்கள் வீடுகளுக்கு முருங்கைக்கீரை. பஞ்சாங்கம், பிறை, பாஸ்டர் பிரசங்கம் எல்லாம் அவள் வாயிலிருந்து வரும். அப்பேர்ப்பட்டவள் எங்கே சறுக்கினாள் என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

அவளுக்குக் கீரை கொடுப்பவர்கள் சிங்கப்பெருமாள் கோவிலுக்கு மேற்கே, ஓர் ஏரிக்குக் கீழே, குத்தகை நிலத்தில் பயிர் செய்யும் பெண்கள். அவர்களில் மூத்தவள் கிளியம்மாள். முகத்துக்கு நேரே பேசுவாள், பிறகு மறந்துவிடுவாள். வருடக்கணக்காக அவர்கள் கீரையை என்னுடைய குட்டி யானை வண்டிதான் ஏற்றி வந்தது. என் மூட்டைகளை இறக்கிவிட்டு வருகிற வழி என்று ஆரம்பித்தது, பிறகு பழக்கமாகிவிட்டது.

தாம்பரத்துக்காரர்களுக்குக் கீரை என்றால் வேர் இருக்க வேண்டும். கட்டைக் கையில் எடுத்ததும் திருப்பி வேரைத்தான் பார்ப்பார்கள். வேரில் ஈரமண் ஒட்டியிருந்தால் இன்று பிடுங்கியது, இல்லையென்றால் நேற்றையது. அதனால் அந்தப் பெண்கள் சிறுகீரை, முளைக்கீரை என்று வேரோடு பிடுங்குகிற கீரைகளையே போட்டார்கள். ஒருமுறை பிடுங்கினால் பாத்தி காலி. மறுபடி விதைக்க வேண்டும். மழை ஒழுங்காகப் பெய்த காலத்தில் அதில் ஒரு தொல்லையும் இல்லை.

மழை ஒழுங்கை விட்டது. புரட்டாசியில் சித்திரை வெயில் அடித்தது. பிறகு ஒரு மாதத்து மழை ஒரே ராத்திரியில் கொட்டியது. 2005-இல் பீர்க்கன்கரணை, முடிச்சூர் பக்கமெல்லாம் வீட்டுக்குள் தண்ணீர் வந்ததே, அந்த வருடம் இவர்கள் விதைத்த விதை பாத்தியிலிருந்து அடித்துக்கொண்டு போய் வாய்க்கால் ஓரத்தில் முளைத்தது. அடுத்தடுத்த வருடங்களிலும் ஏதாவது ஒரு வகையில் மழைக்காலப் பயிர் கையைக் கடித்தது. படித்தவர்கள் இதற்குப் பருவநிலை மாற்றம் என்று பெயர் வைத்தார்கள். கிளியம்மாள் வானத்துக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றாள்.

நிலத்துக்காரர் தட்சிணாமூர்த்தி குரோம்பேட்டையில் இருப்பவர். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நிலத்தைச் சுற்றிலும் மஞ்சள் கல் நட்டுப் பிளாட் போட்டுக்கொண்டிருந்தார்கள். 2008 ஆவணியில் அவர் வந்து, இந்த மழைக்கும் நிலம் தரிசாகக் கிடந்தால் தை மாதம் விற்றுவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனார். சேதி கேட்டதும் ஹஃபீசா கடையை அமீருதீனிடம் விட்டுவிட்டு என் வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். வருகிறாயா என்று நான் கேட்கவும் இல்லை, வரட்டுமா என்று அவள் கேட்கவும் இல்லை.

நாங்கள் போனபோது முந்தின நாள் பெய்த கோடை மழை மாதிரியான ஒரு மழையில் பாத்தியெல்லாம் சேறாகக் கிடந்தது. பெண்கள் பம்புசெட் நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் தனம் சின்னவள், கணக்காகப் பேசுபவள். பக்கத்துக் கம்பெனி ஒன்றிலிருந்து வேன் வந்து ஆட்களை அழைத்துப்போகிறது, தானும் போகப்போகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஒருத்தி போனால் இன்னொருத்தி போவாள். நிலம் தானாகக் கைவிட்டுப் போகும்.

ஹஃபீசா அவர்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டே பம்புசெட் சுவரைப் பார்த்தாள். அதன் மேல் ஒரு கொடிப்பசலை தானாக ஏறிப் படர்ந்திருந்தது. இலை ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம், மழையில் குளித்துப் பளபளவென்று இருந்தது.

"அக்கா, இது மட்டும் இன்னாக்கா சிரிச்சிகினு கீது?" என்றாள்.

"அதுக்கு இன்னா, கொடி. மேல போயிடுது. தண்ணி தேங்காம இருந்தா போதும், மழைய குடிச்சிகினு வளரும்" என்றாள் கிளியம்மாள்.

"அப்ப இதையே பந்தல் போட்டு விட்டா?"

கிளியம்மாள் பாத்தியைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு எழுந்து போய்ச் சேற்றில் காலால் கோடு கிழித்தாள். இங்கே மண்ணை அணைத்துப் பாத்தியை மேடாக்கலாம், இங்கே இரண்டு மேட்டுக்கும் நடுவில் வடிகால் எடுக்கலாம், சவுக்குக் கழி நட்டுப் பந்தல் போடலாம் என்றாள். கிள்ளக் கிள்ளத் துளிர்க்கும், விதைத்துக்கொண்டே இருக்க வேண்டியதில்லை என்றாள் இன்னொருத்தி. பேச்சு சூடு பிடித்தது. தனம் மட்டும் இடத்தை விட்டு நகரவில்லை.

"எல்லாம் சரி பாயம்மா. வேரு இல்லாத கீரைய உங்க ஊர்ல யாரு வாங்குவாங்க?"

"நான் வாங்கறேன்" என்றாள் ஹஃபீசா. "நீங்க வெச்சுக் குடுங்க. ஒரு எலை மிஞ்சாம நான் எடுத்துக்கறேன். இது என் வாக்கு. கம்பெனி வேன் தை மாசமும் வரும், ஓடிப் போயிடாது."

தனம் அன்றைக்குக் கம்பெனிக்குப் போகிற எண்ணத்தைத் தள்ளிவைத்தாள். அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் அத்தனை பெண்களும் மண்வெட்டியைத் தூக்கினார்கள். புரட்டாசி வெயிலில் மண் அணைத்தார்கள். கணுக் கணுவாக வெட்டிய கொடியை நட்டார்கள். நான் சவுக்குக் கழி ஏற்றிப் போய்க் கொடுத்தேன். வண்டியில் கீறல் விழுந்தது என்று ஹஃபீசாவிடம் புலம்பினேன். அமீருதீன் சீட் கவர் துணியில் ஒரு துண்டை ஒட்டி மறைத்துக் கொடுத்தார்.

கார்த்திகை பிறந்தபோது பந்தல் தெரியாத அளவுக்குக் கொடி மூடியிருந்தது. முதல் லோடு வந்த அன்று ஹஃபீசாவின் பலகை முழுக்கப் பசலை. வெளியே பிசுபிசுவென்று தூறல். பெருங்களத்தூரிலிருந்து வரும் டீச்சர் ஒருவர்தான் முதல் போணி. குடையை மடக்கிவிட்டுக் கட்டைக் கையில் எடுத்தார். திருப்பிப் பார்த்தார். வேர் இல்லை என்று சொல்லப்போகிறார், ஹஃபீசா அதற்குப் பதில் தயாராக வைத்திருந்தாள். டீச்சர் வேரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா மழையில பசலையா? பசங்களுக்கு சளி பிடிச்சுக்கும்மா" என்று திரும்ப வைத்துவிட்டுப் போனார்.

அடுத்தவரும் அதையே சொன்னார். அதற்கடுத்தவரும் அதையே சொன்னார். ஒரு பாட்டியம்மா, "உனக்கு எதாச்சும் புத்தி கீதா?" என்றே கேட்டுவிட்டுப் போனாள்.

பசலை குளிர்ச்சி. மழை நாளில் எந்தத் தாயும் அடுப்பில் ஏற்ற மாட்டாள். தாம்பரத்தில் இது பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். அன்று மத்தியானம் படுதாவை விலக்கி ஹஃபீசா என்னைப் பார்த்தாள். அந்த முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"அண்ணா, என் புள்ளைக்கே நான் மழையில பசலை குடுக்க மாட்டேன். அங்க நின்னுகினு வாக்கு குடுத்தப்ப இது எப்படிண்ணா எனக்குத் தோணாம போச்சு?"

எனக்கும்தான் தோன்றவில்லை. கிளியம்மாளுக்கும் தோன்றவில்லை. பயிர் மழையில் அழுகுமா என்று எல்லாரும் பார்த்தோம். தின்றால் மூக்கு ஒழுகுமா என்று ஒருவரும் பார்க்கவில்லை. மழையைத் தாங்குகிற கீரையைத் தேடிப் பிடித்து, மழையில் யாரும் தொடாத கீரையைக் கொண்டுவந்து சேர்த்திருந்தோம்.

போன் பண்ணிச் சொல்லிவிடு, கொஞ்சம் நிறுத்தட்டும் என்றேன். முடியாது என்று தலையாட்டினாள். நிறுத்தினால் பந்தல் கிடக்கும், தனம் வேனில் ஏறுவாள், தை மாதம் நிலம் போகும். வந்த கீரையையெல்லாம் எடுத்துக்கொண்டாள், கொடுக்க வேண்டியதைக் கைக்காசிலிருந்து கொடுத்தாள், கீரை நல்லாப் போகுது என்று சொல்லி அனுப்பினாள். பக்ரீத் நெருங்கிக்கொண்டிருந்தது. அவள் வீட்டிலும் பக்கத்து வீடுகளிலும் குர்பானிக்கு ஆடு கட்டியிருந்தார்கள். சாயங்காலமானால் பசலை முழுவதும் அந்த ஆடுகளுக்குப் போனது. ஆடுகள் பெருத்தன. ஹஃபீசா இளைத்தாள். படுதாவுக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. எனக்கு அது பிடிக்கவில்லை. வெங்காயத்தைக் குறை சொல்ல ஆளில்லாமல் வியாபாரம் பண்ணுவது கூட ஒரு மாதிரியாக இருந்தது.

அப்புறம் புயல் வந்தது. நிஷா என்று பெயர் வைத்திருந்தார்கள். நாள் கணக்கில் விடாமல் கொட்டியது. ரயில் நின்றது, ஜி.எஸ்.டி. ரோட்டில் பஸ் ஊர்ந்தது. வானம் வெளுத்த மறுநாள் மார்க்கெட்டில் பெயருக்குக்கூட ஒரு கட்டுக் கீரை கிடையாது. அன்று காலை தலையில் ஒரு பெரிய மூட்டையோடு கிளியம்மாள் வந்து நின்றாள். கூடவே தனம். புடவை முழங்கால் வரை சேறு.

"பந்தல் நின்னுச்சி!" என்றாள் கிளியம்மாள். எங்கள் வரிசை முழுவதும் திரும்பிப் பார்த்தது. "சுத்துப்பட்டு எல்லாம் தண்ணி. நம்ம மேடு மட்டும் தெரியுது. ஒரு கொடி சாயல. பாயம்மா எங்க? அவ கிட்ட நேர்ல சொல்லணும்னு வந்தோம்."

ஹஃபீசா சாப்பிட வீட்டுக்குப் போயிருந்தாள். வீடு மார்க்கெட்டுக்குப் பின்சந்தில். நானும் சந்தோஷத்தில் முன்னே பின்னே யோசிக்காமல் அவர்களை அழைத்துக்கொண்டு போனேன். வாசலில் ஆடுகள். ஆடுகளின் முன்னால் பசலை. கயிறுகூட அவிழ்க்காத கட்டுகள், புயலுக்கு முன் கிளியம்மாள் தன் கையால் கட்டி அனுப்பியவை. ஹஃபீசா கையில் இன்னொரு கட்டோடு நிமிர்ந்தாள்.

கிளியம்மாள் மூட்டையைக் கீழே போட்டாள்.

"இதான் நல்லாப் போவுதா?"

"அக்கா, வாக்கு குடுத்தேன்ல..."

"வாங்கறேன்னு குடுத்த. ஆட்டுக்குப் போடறேன்னா குடுத்த? வெயில்ல மண்ணு அணைச்சது இதுக்கா? எங்களுக்கு பிச்சை போட்டுகினு இருந்தியா நீ?"

ஹஃபீசா அழுதுவிட்டாள். நான் பார்த்து அவள் அழுதது அதுதான் முதல் தடவை. அமீருதீன் உள்ளேயிருந்து வந்து மூவருக்கும் பாய் விரித்துவிட்டு, அவராகவே வாய் திறந்தார். "மழைக்கு சளி பிடிக்கும்னு யாரும் வாங்கலீங்க" என்றார்.

கிளியம்மாள் அவரைப் பார்த்தாள், தனத்தைப் பார்த்தாள். திடீரென்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள்.

"அடிப்பாவிங்களா! எங்க வூட்லயே மழைக்கு பசலை வெக்க மாட்டமே! ஊரே சேர்ந்து நட்டமே, ஒருத்திக்கு வாயில வந்துதா?"

தனம் சிரிக்கவில்லை. "பந்தலப் பிரிச்சிடலாமா?" என்று கேட்டாள். கம்பெனியை விட்டுவிட்டு மண்வெட்டி எடுத்தவள் அவள்.

"ஏன்டி பிரிக்கணும்?" என்றாள் கிளியம்மாள். "குழம்பு வெச்சாத்தானே குளிர்ச்சி. எண்ணெய்ல போட்டா? மழை நாள்ல எண்ணெய்ச் சட்டி வெக்காத வூடு எங்கனா கீதா? பாயம்மா, கடலை மாவு கீதா? ஓமம், மிளகு, இஞ்சி எடு."

சட்டியை வீட்டில் வைத்தால் யாருக்குத் தெரியும் என்று கேட்டது அமீருதீன்தான். அன்று அவருக்குப் பேச்சு வந்துவிட்டது. ஸ்டவ்வைத் தூக்கிக்கொண்டு அவரே மார்க்கெட்டுக்கு நடந்தார். வைக்க இடம் என் கடை வாசல்தான் கிடைத்தது, சைடுக்கு நறுக்கிய வெங்காயமும் என்னுடையதுதான். அதைப் பற்றி யாரும் என்னிடம் கேட்கவில்லை.

கிளியம்மாள் ஒவ்வோர் இலையாக மாவில் தோய்த்துப் போட்டாள். ஓம வாசனையும் மிளகு வாசனையும் ஈரக்காற்றில் வரிசை முழுக்கப் போயிற்று. குளிரில் நடுங்கிக்கொண்டு வந்தவன் சூடான பஜ்ஜியைப் பார்த்துவிட்டுச் சும்மா போவானா? முதலில் கூலி ஆட்கள் வந்தார்கள், பிறகு பூக்காரிகள், பிறகு ஸ்டேஷனுக்குப் போகிறவர்கள். இது என்ன இலை என்று கேட்டவர்களுக்கு ஹஃபீசாவின் குரல் பழையபடி எழுந்தது. "பசலைங்க! தின்னுட்டு சளி புடிச்சா நாளைக்கு வந்து என்னைத் திட்டுங்க!" அந்தக் குரலைக் கேட்டதும் எனக்கு உண்மையில் சந்தோஷமாக இருந்தது. அவளிடம் சொல்லவில்லை, சொன்னால் தலையில் ஏறி உட்காருவாள்.

பெருங்களத்தூர் டீச்சரும் வந்தார். ஒன்று தின்றார், பிறகு இன்னொன்று. வீட்டில் பஜ்ஜி தினமும் போட முடியாதே என்றார். "மிளகும் பூண்டும் தட்டிப் போட்டு வதக்குங்க. தண்ணி சேக்காதீங்க. சளி பக்கத்துல வராது" என்றாள் கிளியம்மாள். டீச்சர் யோசித்துவிட்டு ஒரு கட்டு வாங்கிக்கொண்டு போனார். மறுநாள் இரண்டு கட்டு வாங்கினார். தன் ஸ்கூலில் மற்ற டீச்சர்களிடமும் சொன்னார் போலிருக்கிறது, ஓய்வு நேரத்தில் கும்பலாக வந்தார்கள்.

ஆஸ்டினை நான்தான் பிடித்துக் கொடுத்தேன். பொத்தேரியில் காலேஜ் பையன்களுக்கு மெஸ் நடத்துகிறவர், என்னிடம் மூட்டையாக வெங்காயம் எடுப்பவர். பசலை என்றதும் அவரும் இழுத்தார். "சார், உங்க மெஸ்ல சளி புடிக்கும்னு தட்டைப் புடுங்க அம்மாவா உக்காந்துகினு இருக்காங்க?" என்று கேட்டாள் ஹஃபீசா. ஆஸ்டின் சிரித்துவிட்டார். சாயங்கால பஜ்ஜிக்கும் பருப்புக் கூட்டுக்கும் தினமும் கேட்கத் தொடங்கினார். மார்கழி முழுக்க என் வண்டி பொத்தேரியில் நின்றுவிட்டுத்தான் தாம்பரம் வந்தது. பஜ்ஜி போட்ட நாள் முதல் பக்ரீத் வரை ஆடுகளுக்கு வைக்கோலும் தவிடும்தான்.

பொங்கல் முடிந்து தட்சிணாமூர்த்தி நிலத்தைப் பார்க்க வந்தார். அன்றும் ஹஃபீசா என் வண்டியில்தான் இருந்தாள். வழியெல்லாம், அவர் என்ன சொல்வாரோ, நாம் என்ன சொல்ல வேண்டும் என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தாள். அவர் வரப்பு வரப்பாக நடந்தார். மேட்டுப் பாத்தியைப் பார்த்தார், வடிகாலில் இறங்கி ஏறினார், பந்தலுக்கு அடியில் குனிந்து போய் அந்தப் பக்கம் நிமிர்ந்தார். பக்கத்து நிலங்களில் மஞ்சள் கல்லைச் சுற்றி இன்னும் தண்ணீர் தேங்கிக் கிடந்தது.

"சரி, இந்த வருஷத்துக்கும் நீங்களே பாத்துக்குங்க" என்றார்.

ஹஃபீசா அல்லாவுக்கு நன்றி சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் தனம் முன்னால் வந்தாள்.

"ஒரு வருஷம் வேணாம் சார். மூணு வருஷம் குடுங்க."

அவர் நின்றுவிட்டார். நாங்களும்தான்.

"வரப்பு முழுக்க அகத்தி வெக்கப் போறோம். அது தண்ணில நிக்கும். பாத்தி முழுவினாலும் மரத்துல கீரை கீது. வேலிப் பக்கம் மேட்டுல முருங்கை. ஒரு வருஷக் குத்தகைய நம்பி எவ சார் மரம் வெப்பா?"

தட்சிணாமூர்த்தி ஹஃபீசாவைப் பார்த்தார். "நீ சொல்லிக் குடுத்தியாம்மா?"

"சத்தியமா இல்ல சார். எனக்கே இப்பத்தான் தெரியும்."

"அடுத்த வருஷம் இதைவிடப் பெரிய மழை வந்தா? அப்ப யாரு ஜவாப்தாரி?"

"மழைக்கு யாரு சார் ஜவாப்தாரி?" என்றாள் கிளியம்மாள். "பயிருக்கு நாங்க."

அவர் மறுபடி பந்தலை ஒரு சுற்று சுற்றி வந்தார். பிறகு, எழுதித் தருகிறேன், அடுத்த வாரம் வாருங்கள் என்றார். தனம் அங்கேயே வடிகாலில் இறங்கி, அகத்தி எந்த இடத்தில் நடுவது என்று மற்றவர்களோடு சண்டை போட ஆரம்பித்துவிட்டாள். எங்களுக்குப் போய்வருகிறேன் என்று சொல்லக்கூட அவளுக்கு நேரமில்லை.

திரும்பி வருகையில் ஹஃபீசா பந்தல் மறையும் வரை பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மறைமலைநகர் தாண்டியதும் முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அண்ணா, இவங்க போயிடக்கூடாதேன்னுதான் நான் அந்த வாக்கையே குடுத்தேன். இப்ப என்னை ஒரு வார்த்தை கேக்காம மூணு வருஷம் கேட்டாங்க பாருங்க."

ரோட்டைப் பார்த்தே ஓட்டினேன். "மூணு வருஷம்ணா, மூணு வருஷம்" என்று பெருங்களத்தூர் வரும் வரை அவள் சொல்லிக்கொண்டே வந்தாள்.